பதிவு செய்த கணமே டிவைஸ் உயிரோடு இருக்கிறது: கெர்னல் பதிவில் வரும் ரேஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பிசிஐஇ தரவுச் சேகரிப்பு அட்டை, அதற்கு ஒரு லினக்ஸ் டிரைவர். மாட்யூலைக் கையால் ஏற்றினால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இயந்திரம் பூட் ஆகும்போது மட்டும் எப்போதாவது ஒரு நல் பாயின்டர் ஊப்ஸ் (செல்லாத முகவரியைத் தொட்டதால் வரும் கெர்னல் பிழை) வருகிறது. அழைப்பு அடுக்கின் உச்சியில் சில சமயம் டிரைவரின் ரீட் ஃபங்ஷன் நிற்கும், சில சமயம் __வேக்_அப்_காமன் நிற்கும். காரணம் தேட, செய்தி அச்சிடும் இரண்டு பிரின்ட்கே வரி சேர்த்தால் ஊப்ஸ் காணாமல் போகிறது. எடுத்தால் திரும்ப வருகிறது. ரேஸ் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை) என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

இங்கே பிரித்துப் பார்க்கும் டிரைவர் விளக்கத்துக்காக அமைத்த மாதிரிதான். ஆனால் அதில் உள்ள தவறுகள் எல்லாம் நிஜ டிரைவர்களில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை. அட்டையைக் கண்டதும் கெர்னல் அழைக்கும் அதன் ப்ரோப் ஃபங்ஷனின் வரிசை இது:

1. கேஸீஅலாக் மூலம் பூஜ்யம் நிரப்பிய ஸ்ட்ரக்ட் ஒதுக்குதல்
2. பிசிஐ_எனேபிள்_டிவைஸ், பிஏஆர் 0-ஐ (அட்டையின் ரெஜிஸ்டர்கள் தெரியும் முகவரிப் பகுதி) மேப் செய்தல்
3. மிஸ்க்_ரெஜிஸ்டர் (டிவைஸை நிரல்களுக்குக் காட்டும் பதிவு)
4. ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ (இன்டரப்ட் ஹேண்ட்லர் பதிவு), லைனைப் பகிரும் ஷேர்ட் கொடியோடு
5. மியூட்டெக்ஸ்_இனிட், இனிட்_வெயிட்க்யூ_ஹெட் (லாக்கையும், த்ரெட்கள் தூங்கிக் காத்திருக்கும் க்யூவையும் தயார் செய்தல்)
6. 1 எம்பி டிஎம்ஏ பஃபர் (அட்டை நேரடியாக எழுதும் நினைவகம்) ஒதுக்குதல்
7. டிவைஸ்_கிரியேட்_ஃபைல் மூலம் 'ரேட்' என்ற சிஸ்எஃப்எஸ் கோப்பை (டிவைஸ் அமைப்பைப் படிக்கவும் எழுதவும் கெர்னல் காட்டும் கோப்பு) உருவாக்குதல்

மேலோட்டமாகப் படித்தால் குறை தெரியாது. ப்ரோப் முடியும்போது எல்லாம் தயாராகிவிடுகிறதே! ப்ரோப் முடியும் வரை யாரும் டிவைஸைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட வரிசை இது. அந்த நம்பிக்கைக்குக் கெர்னலில் எந்த ஆதாரமும் இல்லை. ப்ரோப் ஓடும்போது டிரைவர் கோர் டிவைஸ் லாக்கைப் பிடித்திருப்பது உண்மை. ஆனால் அந்த லாக், இன்னொரு பைண்ட் அல்லது அன்பைண்ட் (டிரைவரை டிவைஸோடு இணைப்பது, பிரிப்பது) குறுக்கே வராமல் தடுக்க மட்டும்தான். யூசர் ஸ்பேஸிலிருந்து (சாதாரண நிரல்களிடமிருந்து) வரும் ஓபன் அழைப்பு அந்த லாக்கைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

3-வது படிக்குள் நடப்பது

மிஸ்க்_ரெஜிஸ்டர் முதலில் மிஸ்க்_எம்டிஎக்ஸ் என்ற உலகளாவிய மியூட்டெக்ஸைப் பிடிக்கிறது. டிவைஸை அடையாளம் காட்டும் மைனர் எண்ணை ஒதுக்குகிறது. பிறகு டிவைஸ்_கிரியேட்_வித்_குரூப்ஸ் வழியாக டிவைஸ்_ஆட் வரை போகிறது. டிவைஸ்_ஆட் செய்யும் வேலைகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் சிஸ்எஃப்எஸ் அடைவும் அதன் கோப்புகளும், அடுத்து டெவ்டிஎம்ப்எஃப்எஸ்-இல் (டெவ் அடைவு) டிவைஸ் கோப்பு, அதன் பிறகு 'ஆட்' யூஇவென்ட் (டிவைஸ் வந்தது என்ற அறிவிப்பு). யூஇவென்ட் நெட்லிங்க் வழியாக யூடெவ்-ஐ (இந்த அறிவிப்புகளைக் கேட்டு விதிப்படி செயல்படும் நிரலை) எட்டும்போது டிவைஸ் கோப்பு ஏற்கனவே டிஸ்கில் இருப்பதுபோலக் கண்முன்னே இருக்கிறது. யூடெவ் விதி ஒரு டீமனை (பின்னணி நிரலை) கிளப்புகிறது, டீமன் ஓபன் செய்கிறது.

இப்போது சிபியு 0-இல் ப்ரோப் இன்னும் மிஸ்க்_ரெஜிஸ்டருக்குள் இருக்கிறது. சிபியு 1-இல் டீமனின் ஓபன், மிஸ்க்_ஓபன் ஃபங்ஷனுக்குள் நுழைந்து அதே மிஸ்க்_எம்டிஎக்ஸ்-க்குக் காத்திருக்கிறது. சிபியு 0 லாக்கை விடுகிறது. அந்த நொடியே சிபியு 1 உள்ளே போகிறது. ஆக, 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட துளி நேரத்தில் யாராவது தற்செயலாக வந்து மாட்டுவார்கள் என்று நினைப்பது தவறு. லாக்கே ஆளை வாசலில் நிறுத்திவைத்து, சரியாக அந்த இடைவெளி தொடங்கும்போது உள்ளே தள்ளிவிடுகிறது. கையால் மாட்யூல் ஏற்றும்போது டீமன் ஏற்கனவே நின்றுபோயிருக்கும், அல்லது ஆள் கட்டளை தட்டி முடிப்பதற்குள் ப்ரோப் முடிந்திருக்கும். அதனால்தான் மேசைச் சோதனையில் பிழை பிடிபடுவதில்லை.

உள்ளே போன டீமன் ரீட் அழைக்கிறது. ரீட் முதலில் டிரைவரின் மியூட்டெக்ஸைப் பிடிக்கிறது. 5-வது படி இன்னும் நடக்கவில்லை. மியூட்டெக்ஸ் வெறும் பூஜ்யங்கள். வெடிக்க வேண்டியதுதானே? வெடிக்காது. மியூட்டெக்ஸின் வேகப் பாதை ஓனர் புலம் பூஜ்யமா என்று மட்டும் பார்க்கிறது. பூஜ்யம் என்றால் 'யாரும் பிடிக்கவில்லை' என்று பொருள். டீமன் லாக்கைப் பிடித்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறது. அப்போது சிபியு 0 மியூட்டெக்ஸ்_இனிட்டுக்கு வந்து சேர்கிறது, ஓனரைத் திரும்பப் பூஜ்யமாக்குகிறது. பிடித்திருக்கும்போதே லாக் துடைக்கப்பட்டுவிட்டது. அடுத்து வரும் இரண்டாவது த்ரெட்டுக்கும் லாக் கிடைக்கும். இருவரும் உள்ளே. ஊப்ஸ் இல்லை, எச்சரிக்கை இல்லை, தரவு மட்டும் குழம்பியிருக்கும். இந்த ரகப் பிழையோடு ஒப்பிட்டால் ஊப்ஸ் ஒரு வரம்.

கெர்னலை டீபக்_மியூட்டெக்ஸஸ் அமைப்போடு கட்டியிருந்தால் கதை வேறு. அதில் ஒவ்வொரு மியூட்டெக்ஸும் தன் சொந்த முகவரியை 'மேஜிக்' புலத்தில் வைத்திருக்கும். இனிட் ஆகாத லாக்கில் அது பூஜ்யம். பிடிக்கப் போன முதல் தடவையே எச்சரிக்கை விழும்.

வெயிட் க்யூ இவ்வளவு பொறுமைசாலி இல்லை. பூஜ்யம் நிரம்பிய வெயிட் க்யூவில் பட்டியலின் நெக்ஸ்ட் பாயின்டர் நல். அதை எழுப்பப் போனாலும் சரி, அதில் தூங்கப் போனாலும் சரி, கெர்னல் அந்த நல் பாயின்டரைப் பின்தொடர்ந்து விழும். __வேக்_அப்_காமன் ஊப்ஸ் வந்தது இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்து. 4-வது படி முடிந்ததும் ஹேண்ட்லர் எந்த நேரமும் அழைக்கப்படலாம். லைன் ஷேர்ட் என்பதால் பக்கத்து அட்டையின் இன்டரப்ட்டுக்கும் இந்த ஹேண்ட்லர் ஓடும். தன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து 'என்னுடையது இல்லை' என்று திரும்பினால் தப்பிக்கலாம். ஆனால் கேஎக்ஸெக் (ஓடும் கெர்னலிலிருந்து நேரே இன்னொன்றுக்குத் தாவுவது) வழியிலோ, விழுந்த கெர்னலைப் பதிவு செய்யும் கிராஷ் டம்ப் கெர்னலிலோ பூட் ஆனபோது, அட்டையை முந்தைய கெர்னல் ஓடவிட்டபடியே செத்துப் போயிருக்கலாம். அப்போது ஸ்டேட்டஸ் பிட் ஏற்கனவே 1 ஆக இருக்கும். 'அட்டையை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை, அதனால் இன்டரப்ட் வராது' என்ற வாதம் அங்கே உடைகிறது.

6-வது படியின் சிக்கல் வேறு மாதிரி. 1 எம்பி ஒதுக்கீடு தோற்றால் டிரைவர் என்ன செய்யும்? பிழைப் பாதையில் மிஸ்க்_டீரெஜிஸ்டர் அழைத்து, ஸ்ட்ரக்டை கேஃப்ரீ செய்துவிட்டு வெளியேறும். டீமன் கையில் ஃபைல் டிஸ்கிரிப்டர் திறந்தபடி இருக்கிறது. அதன் அடுத்த ரீட், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். மாட்யூல் இனிட்டிலும் இதே கண்ணி உண்டு: இனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூல் ரெஃபரன்ஸ் கிடைக்கும், ஓபன் வெற்றிபெறும், அதன் பிறகு இனிட் தோற்றால் மாட்யூலின் கோடே நினைவகத்திலிருந்து போய்விடும்.

7-வது படி எதையும் உடைக்காது, ஆனால் எரிச்சலூட்டும். யூடெவ் விதியில் 'ரேட்' கோப்பில் ஒரு மதிப்பை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'ஆட்' யூஇவென்ட் போனபோது அந்தக் கோப்பு இல்லை. விதி சத்தமில்லாமல் வீணாகிறது, அட்டை இயல்பு வேகத்தில் ஓடுகிறது. 'யூடெவ் சில சமயம் வேலை செய்வதில்லை' என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான்.

வேலைக்கு ஆகாத மருந்துகள்

முதல் ஆசை, டீமனில் ஒரு ஸ்லீப் போடுவது. இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஸ்ட்ரக்டில் 'ரெடி' என்ற கொடி வைத்து, ஓபன் அதைப் பார்த்துவிட்டு இநோடெவ் ('டிவைஸ் இல்லை' என்ற பிழை) திருப்புவது. ஊப்ஸ் நிற்கும். ஆனால் டீமன் ஒரே ஒரு யூஇவென்டை நம்பி வந்தது. தோற்றுத் திரும்பினால் மறுபடி அழைக்க யாரும் இல்லை. கிராஷ் போய் 'டீமன் ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற புகாராக மாறும், அவ்வளவுதான். கொடியைச் சாதாரணமாக எழுதிப் படித்தால் ஆர்ம் போன்ற தளர்ந்த வரிசை கொண்ட சிபியுகளில் இன்னொரு ஓட்டையும் உண்டு: கொடி 1 என்று தெரியும், அதற்கு முன் எழுதிய பாயின்டர் இன்னும் பழையதாகத் தெரியும். வரிசையைக் காக்கும் எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ், எஸ்எம்பி_லோட்_அக்வயர் ஜோடி இல்லாமல் இது சரியாகாது.

மூன்றாவது மருந்து நோயைவிடக் கொடியது. டிரைவருக்கென ஓர் உலகளாவிய மியூட்டெக்ஸ். ப்ரோப் முழுவதும் அதைப் பிடித்திருப்பது, ஓபனிலும் அதைப் பிடிப்பது. ப்ரோப்: சொந்த மியூட்டெக்ஸ், அதற்குள் மிஸ்க்_எம்டிஎக்ஸ். ஓபன்: மிஸ்க்_ஓபன் ஏற்கனவே மிஸ்க்_எம்டிஎக்ஸ் பிடித்திருக்கிறது, அதற்குள் சொந்த மியூட்டெக்ஸ். வரிசை தலைகீழ். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உறைந்து நிற்பார்கள். மிஸ்க்_எம்டிஎக்ஸ் எல்லா மிஸ்க் டிவைஸ்களுக்கும் பொது என்பதால் சம்பந்தமே இல்லாத டிவைஸ்களின் ஓபனும் நின்றுபோகும். லாக்டெப் (லாக் வரிசையைச் சோதிக்கும் கெர்னல் கருவி) இயக்கியிருந்தால் டெட்லாக் நிஜமாக நடக்கும் முன்பே இதைச் சொல்லிவிடும். சிஸ்எஃப்எஸ்-இலும் இதன் தம்பி ஒன்று உண்டு: ஷோ ஃபங்ஷன் (கோப்பைப் படிக்கும்போது ஓடுவது) பிடிக்கும் லாக்கைப் பிடித்துக்கொண்டே அந்தக் கோப்பை நீக்கப் போனால், நீக்கம் ஷோ முடியக் காத்திருக்கும், ஷோ லாக்குக்குக் காத்திருக்கும்.

திருத்திய வரிசை

கூடுதல் லாக் ஒன்றும் தேவையில்லை. வரிகளை இடம் மாற்றினால் போதும்.

ஸ்ட்ரக்டை ஒதுக்கியவுடன், வன்பொருளைத் தொடுவதற்கு முன்பே, மியூட்டெக்ஸ், ஸ்பின்லாக், வெயிட் க்யூ, பட்டியல்கள், வொர்க் (பிறகு ஓடத் தள்ளிவைக்கும் வேலை), கேரெஃப் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) எல்லாவற்றையும் இனிட் செய்ய வேண்டும். இவை தோற்கவே முடியாத வரிகள், எனவே முன்னால் வைப்பதில் நஷ்டம் இல்லை. அடுத்து பிசிஐ எனேபிள், பிஏஆர் மேப், டிஎம்ஏ மாஸ்க், டிஎம்ஏ பஃபர்.

பிறகு பலர் தவறவிடும் படி: அட்டையை அமைதிப்படுத்துதல். இன்டரப்ட் மாஸ்க் ரெஜிஸ்டரில் எல்லாவற்றையும் மூடி, தேங்கியிருக்கும் ஸ்டேட்டஸை அழித்து, டிஎம்ஏ எஞ்சினை நிறுத்தி, கடைசியில் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். பிசிஐ-இல் எழுத்துகள் வழியில் தேங்கலாம். படிக்கும்போதுதான் அவை போய்ச் சேர்ந்தது உறுதியாகும். அட்டைக்கு டிஎம்ஏ அனுமதி தரும் பிசிஐ_செட்_மாஸ்டர் இதன் பிறகு வரட்டும். முந்தைய கெர்னல் விட்டுப்போன டிஎம்ஏ முகவரிகளுக்கு அட்டை எழுதத் தொடங்கினால் எந்த லாக்கும் காப்பாற்றாது.

இப்போது ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ. இந்த வரி திரும்புவதற்குள்ளேயே ஹேண்ட்லர் ஓடலாம் என்று வைத்துக்கொண்டு ஹேண்ட்லரை எழுத வேண்டும். ஏதோ காரணத்தால் லைனை மூடிய நிலையிலேயே வாங்க வேண்டுமென்றால், வாங்கிய பின் டிசேபிள்_ஐஆர்க்யூ போடுவது பயனற்றது. இடைவெளி அங்கேயும் இருக்கிறது. லைன் ஷேர்ட் இல்லையென்றால், அதற்கென்றே ஐஆர்க்யூஎஃப்_நோ_ஆட்டோஎன் கொடி இருக்கிறது.

'ரேட்' கோப்பை மிஸ்க்டிவைஸ் ஸ்ட்ரக்டின் குரூப்ஸ் புலத்தில் கொடுத்துவிட்டால், டிவைஸ்_ஆட் அதை யூஇவென்டுக்கு முன்பே உருவாக்கிவிடும். மிஸ்க் டிவைஸின் டிரைவ்டேட்டா (டிவைஸோடு டிரைவர் வைக்கும் சொந்தப் பாயின்டர்), மிஸ்க்டிவைஸ் ஸ்ட்ரக்டின் முகவரியேதான். ஷோ ஃபங்ஷனில் அதிலிருந்து கன்டெய்னர்_ஆஃப் வழியாகச் சொந்த ஸ்ட்ரக்டுக்குப் போகலாம். கோப்பைப் பிசிஐ டிவைஸின் மேல்தான் வைக்க வேண்டுமென்றால் டிரைவரின் டெவ்_குரூப்ஸ் புலம். அதை ப்ரோப் வெற்றியாக முடிந்த பிறகு டிரைவர் கோரே உருவாக்கும். அங்கே யூடெவ் விதி 'ஆட்' நிகழ்வுக்குப் பதில் 'பைண்ட்' நிகழ்வைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிசிஐ டிவைஸின் 'ஆட்' டிரைவர் வருவதற்கு முன்பே போயிருக்கும்.

மிஸ்க்_ரெஜிஸ்டர் ப்ரோப்பின் கடைசி வேலை. அதற்குப் பின் ரிட்டர்ன் தவிர எதுவும் இருக்கக்கூடாது. முக்கியமாக, தோற்கக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. அட்டையின் இன்டரப்ட் மாஸ்கைத் திறப்பதும் டிஎம்ஏவைக் கிளப்புவதும் எங்கே என்றால், முதல் ஓபனில். கேட்க ஆளில்லாத அட்டை ஓட வேண்டியதில்லை.

டிரைவ்டேட்டா விஷயம் கெர்னலின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. முன்பு டிவைஸ்_கிரியேட் அழைத்துவிட்டு அடுத்த வரியில் டெவ்_செட்_டிரைவ்டேட்டா போடுவதுதான் வழக்கம். இடையில் சிஸ்எஃப்எஸ் கோப்பை யாராவது திறந்தால் டிரைவ்டேட்டா நல். 2008-இல் அந்தப் பாயின்டரையும் ஆர்க்யுமென்டாக வாங்கும் வடிவத்தைச் சேர்த்து, அழைத்த இடங்களை எல்லாம் மாற்றி, கடைசியில் டிவைஸ்_கிரியேட்டின் வடிவத்தையே அப்படி ஆக்கினார்கள். அந்த ஆர்க்யுமென்டில் நல் கொடுத்துவிட்டு, பின்னால் பழையபடி டெவ்_செட்_டிரைவ்டேட்டா அழைக்கும் கோடு இன்னும் எழுதப்படுகிறது என்பது தனி வருத்தம்.

கேரக்டர் டிவைஸை நேரடியாகப் பதிவு செய்பவர்களுக்கு சிடெவ்_ஆட் இதே ரகம்தான்: அது திரும்பும் முன்பே ஓபன் வரலாம். சிடெவ், டிவைஸ் இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்து ஆயுளையும் பிணைக்க சிடெவ்_டிவைஸ்_ஆட் இருக்கிறது. டிவைஸ்_ரெஜிஸ்டர் தோற்றாலும் ஸ்ட்ரக்டை கேஃப்ரீ செய்யக்கூடாது, புட்_டிவைஸ் மட்டும்தான். நெட்வொர்க் டிரைவரில் ரெஜிஸ்டர்_நெட்டெவ் திரும்பும் முன்பே என்டிஓ_ஓபன் வரலாம், எனவே என்ஏபிஐ (பாக்கெட் வாங்கும் முறை) சேர்ப்பது அதற்கு முன். டிஆர்எம்-இல் (கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதி) மைனர் எண்ணை முதலில் நல் பாயின்டரோடு ஒதுக்கிவைத்து, டிஆர்எம்_டெவ்_ரெஜிஸ்டர் வரும்போது மட்டும் உண்மையான பாயின்டரைப் பொருத்துகிறார்கள். எண்ணை ஒதுக்குவதும் வெளியே காட்டுவதும் வெவ்வேறு படிகள் என்பதை இவ்வளவு அழகாகக் காட்டும் கோடு வேறு அதிகம் இல்லை.

இரண்டு அட்டைகள் இருந்தால்

இதுவரை ஓர் அட்டை. இரண்டு செருகினால் இன்னொன்று எழும். டிவைஸுக்குப் பெயர் வைக்க ஒரு ஸ்டாட்டிக் எண்ணை வைத்து, ஒவ்வொரு ப்ரோப்பிலும் ஒன்று கூட்டுவது பரவலான பழக்கம். ப்ரோப்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் சரி. டிரைவர் அசிங்க்ரனஸ் ப்ரோப் கேட்டிருந்தால் இரண்டும் இரு சிபியுக்களில் ஓடும், இரண்டுக்கும் ஒரே எண் கிடைக்கும், ஒன்றின் பதிவு 'அதே பெயரில் கோப்பு ஏற்கனவே இருக்கிறது' என்ற சிஸ்எஃப்எஸ் எச்சரிக்கையோடு தோற்கும். எண்களை மோதாமல் வழங்கும் ஐடிஏ_அலாக், ஐடிஏ_ஃப்ரீ ஜோடி இதற்காகவே இருக்கிறது. கழற்றிய அட்டையின் எண் திரும்பப் பயன்படும் என்பது கூடுதல் லாபம். 'பொது பஃபர் இல்லையென்றால் ஒதுக்கு' என்று ப்ரோப்பில் எழுதிய வரியும் இதே வகைப் பிழை. அதை மாட்யூல் இனிட்டுக்கு நகர்த்துவது நல்லது.

ப்ரோப்புக்குள் சேய் டிவைஸ்களைப் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு ஒரு கிளாக்கோ ரெகுலேட்டரோ கிடைக்காமல் இப்ரோப்_டிஃபர் ('பிறகு முயற்சி செய்' என்ற பிழை) திருப்பினால், சேய்களின் வரவு தள்ளிவைத்த ப்ரோப்களை மறுபடி கிளப்பும், ப்ரோப் மறுபடி சேய்களைப் பதிவு செய்யும். முடிவில்லாச் சுழல். வெளியிலிருந்து வர வேண்டியவை எல்லாம் கைக்கு வந்த பிறகே சேய்களைப் பதிவு செய்ய வேண்டும்.

கழற்றும்போது

டிவைஸ் போகும்போது ஓடும் ரிமூவ் இதே பாதையின் தலைகீழ் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பதிவுக்கு முன் யாரும் உள்ளே இல்லை. பதிவு நீக்கிய பின்பும் உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

மிஸ்க்_டீரெஜிஸ்டர் புதிய ஓபன்களை மட்டும் நிறுத்தும். மிஸ்க்_ஓபன் நம் ஓபனை மிஸ்க்_எம்டிஎக்ஸ் பிடித்தபடியே அழைப்பதால், நீக்கம் திரும்பிய பின் புதிதாக யாரும் நுழைய முடியாது. ஓபனில் கேரெஃப்_கெட் செய்வது பத்திரம். சிடெவ்_டெல்லுக்கு இந்த உத்தரவாதம் இல்லை. அது திரும்பிய பின்பும் தாமதமாக ஓர் ஓபன் வந்து சேரலாம், எனவே ஓபனிலும் 'டெட்' கொடியைப் பார்க்க வேண்டும். திறந்த ஃபைல் மாட்யூலைப் பிடித்திருக்கும், ஆர்எம்மாடை (மாட்யூலை இறக்கும் கட்டளையை) தடுக்கும். ஆனால் சிஸ்எஃப்எஸ் வழி அன்பைண்டையோ அட்டையைப் பிடுங்குவதையோ தடுக்காது. ஸ்ட்ரக்டை டெவ்எம்_கேஸீஅலாக்கில் ஒதுக்கியவர்கள் விழும் குழி இங்கேதான்: ரிமூவ் முடிந்ததும் நினைவகம் போய்விடும், டீமனின் டிஸ்கிரிப்டர் மட்டும் மிஞ்சும். ஃபைலோடு வாழ வேண்டிய ஸ்ட்ரக்ட் கேஸீஅலாக்கில் ஒதுக்கப்பட்டு, கடைசி கேரெஃப்_புட்டில் விடுவிக்கப்பட வேண்டும்.

வரிசை: மிஸ்க்_டீரெஜிஸ்டர், 'டெட்' கொடியை 1 ஆக்குதல், வெயிட் க்யூவில் எல்லோரையும் எழுப்புதல், அதன் பிறகுதான் ரீட், ரைட் பாதைகள் படிக்கும் பக்கமாகப் பிடிக்கும் ஆர்டபிள்யூசெமாஃபோரை எழுதும் பக்கமாகப் பிடித்தல். எழுப்பாமல் பிடிக்கப் போனால், செமாஃபோரோடு தூங்கும் ரீடருக்காக ரிமூவ் என்றென்றும் காத்திருக்கும். ரீடரின் காத்திருப்பு நிபந்தனையில் 'தரவு வந்தது' என்பதோடு 'டெட்' என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். அடுத்து அட்டையின் இன்டரப்ட் மாஸ்க் மூடல், ஃப்ரீ_ஐஆர்க்யூ, அதற்குப் பின்பே கேன்சல்_வொர்க்_சிங்க். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால், ரத்து செய்த வொர்க்கை ஹேண்ட்லர் மறுபடி க்யூவில் போட்டுவிடும். பிறகு டிஎம்ஏ பஃபர், பிஏஆர், பிசிஐ டிசேபிள். பிடுங்கப்பட்ட அட்டையின் ரெஜிஸ்டர் எல்லா பிட்டும் 1 ஆகப் படிக்கும் என்பதால், ஹேண்ட்லரில் அந்த மதிப்புக்குத் தனிச் சோதனை வேண்டும். இல்லையென்றால் எல்லா ஸ்டேட்டஸும் ஒருசேர வந்ததாக நினைத்துக்கொண்டு ஓடும்.

ரேஸை வரவழைத்துப் பார்ப்பது

இடைவெளியை அகலப்படுத்துவதுதான் முதல் கருவி. மிஸ்க்_ரெஜிஸ்டருக்கு அடுத்த வரியில் எம்ஸ்லீப் 2000 போட்டு, யூசர் ஸ்பேஸில் ஓபன், ரீட், க்ளோஸ் செய்யும் ஒரு லூப்பை ஓடவிட வேண்டும். பழைய வரிசை முதல் முயற்சியிலேயே விழும். திருத்திய வரிசையில் எம்ஸ்லீப் இருந்தாலும் எதுவும் நடக்காது. ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவுக்குப் பின்னும் இதையே செய்யலாம்.

அடுத்து அந்த லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்எஃப்எஸ் வழியாக அன்பைண்ட், பைண்ட் என்று ஒரு ராத்திரி முழுக்க. கெர்னலில் கேசான் (விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்கும் கருவி), புரூவ்_லாக்கிங் (லாக்டெப் சோதனை), டீபக்_மியூட்டெக்ஸஸ் இயங்க வேண்டும். டீபக்_கோப்ஜெக்ட்_ரிலீஸ் சேர்த்தால் கோப்ஜெக்ட்களின் (டிவைஸ்களுக்கு அடியில் இருக்கும் கெர்னல் ஸ்ட்ரக்ட்கள்) விடுவிப்பு சில வினாடி தள்ளிப்போகும். ஆயுள் கணக்கை ஊகத்தில் எழுதியவர்கள் அங்கே மாட்டுவார்கள். டீபக்_டெஸ்ட்_டிரைவர்_ரிமூவ் ஒவ்வொரு டிரைவரையும் ப்ரோப், ரிமூவ், மறுபடி ப்ரோப் என்று ஓட்டும். 5.8 பதிப்பில் வந்த கேசிசான், லாக் இல்லாமல் எழுதிப் படிக்கும் கொடிகளைக் காட்டிக்கொடுக்கும்.

டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ பற்றி ஒரு பழைய தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது: அது ஷேர்ட் ஹேண்ட்லரைப் பதிவு செய்யும்போது போலி இன்டரப்ட் அனுப்பும் என்று. அந்தப் பாதி முடக்கப்பட்டுவிட்டது. இப்போது பதிவு நீக்கும்போது மட்டும்தான் அனுப்புகிறது. ஃப்ரீ_ஐஆர்க்யூவுக்கு முன்பே பஃபரை விடுவிக்கும் தவறை அது பிடிக்கும். பதிவுப் பக்கத்துக்கு, அட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே கெர்னலை வேண்டுமென்றே பானிக் ஆக்கி, கிராஷ் டம்ப் கெர்னலில் இதே டிரைவரை ஏற்றிப் பார்க்க வேண்டும். அமைதிப்படுத்தும் படி விடுபட்டிருந்தால் அங்கே தெரியும்.